'விற்பனைக்கு அன்று' என்ற வரியை அழித்துவிட்டு விற்பவர்களுக்கு



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் மாலை, உடையார்பாளையத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தபிற்குப் புதிதாகச் சேர்வதற்காகச் சிறுமி ஒருத்தி தன் தாயோடு வந்தாள். தாயின் கையில் சிறு நூல் ஒன்று இருந்தது. "ஹஜ்ரத், கல்யாணத்துக்குப் போன ஊர்ல ஒரு கடையில இத வாங்கினேன். எண்பது ரூபா. இத வச்சே புள்ளைக்கு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். அவருடைய கணவர் கூலித்தறி நெய்பவர். எண்பது ரூபாய் அந்த வீட்டில் எண்ணிச் செலவழிக்கப்படும் பணம்.

நூலை வாங்கிப் புரட்டினேன். அரபு எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தமிழில் விளக்கும் 32 பக்கங்கள். முதல் பக்கத்தைப் படித்தவுடனேயே அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனெனில் அதை எழுதியவன் நான்.

2020-இல் ஊரடங்கினால் மக்தப் மூடிக் கிடந்தபோது, வீட்டிலிருக்கும் பிள்ளைகள் ஓதுவதை மறந்துவிடக் கூடாதே என்னும் கவலையில் எழுதியது அது. கணினியில் தட்டச்சு செய்து, கோப்பாக்கி, கைபேசிக் குழுக்களில் அனுப்பினேன். முதல் பக்கத்தில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன்: யாரும் நகலெடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது, இலாபத்திற்கு விற்கக் கூடாது. அந்தத் தாய் வாங்கிவந்த நூலில் அந்த நான்கு வரிகளும் இல்லை. என் பெயரும் இல்லை. பின்னட்டையில் மட்டும் புதிதாக ஒரு வரி இருந்தது: உரிமை பதிப்பகத்தாருக்கு.

கடையைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் அழைத்தேன். கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். ஊரையும் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அவரை அவமானப்படுத்துவது என் நோக்கமன்று. அவர் சொன்ன மறுமொழிதான் என் கவலை. அவர் மூன்று வாதங்களை வைத்தார். "தீனுடைய இல்முக்கு யார் ஹஜ்ரத் உரிமை கொண்டாட முடியும்?" என்பது முதலாவது. "நீங்களே சும்மா குடுத்ததுதானே, அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்பது இரண்டாவது. "காகிதம், அச்சு, கடை வாடகை எல்லாம் நான் போட்டது, நானும் புள்ளகுட்டிக்காரன்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அவர் ஒருவர் மட்டும் சொல்லவில்லை. நம் சமூகத்தில் நூல் விற்பவர்களும், பயான் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டி விளம்பரத்தோடு வெளியிடுபவர்களும், பிறர் வரைந்த எழுத்தணியைச் சட்டம் போட்டு விற்பவர்களும் இதையே சொல்கின்றனர். ஆகவே மூன்றிற்கும் பொதுவில் மறுமொழி சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

முதல் வாதம்: இல்முக்கு உரிமையாளர் இல்லை

இதில் பாதி உண்மை இருக்கிறது. அலிஃப், பே யாருடைய சொத்தும் அன்று. எழுத்துகள் பிறக்கும் இடங்களை நான் கண்டுபிடிக்கவில்லை. முன்னோர் ஓதிக்கொடுத்ததை நான் என் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். இந்த அறிவை மக்கள் கற்றுக்கொள்ள வேண்டும், அதில் ஓர் எழுத்துகூடத் தம் பெயரில் சொல்லப்பட வேண்டியதில்லை என்னும் கருத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பேசியதாக நூல்களில் வருகிறது. நமக்கு நெருங்கிய காலத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) தம் நூல்களுக்குப் பதிப்புரிமை ஒதுக்கிக்கொள்ளவில்லை. யாரும் அச்சிடலாம் என்று விட்டுவிட்டார்.

பதிப்புரிமை என்பதை மார்க்கம் ஏற்குமா என்பதிலேயே ஆலிம்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்றவர்கள் அதை ஏற்கத் தயங்கினர். பின்னர் 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் மார்க்கத்தில் மதிப்புடையவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. இன்று பெரும்பாலோர் இந்தக் கருத்திலேயே இருக்கின்றனர்.

ஆனால் கடைக்காரரே, இந்தக் கருத்து வேறுபாடு உமக்கு எவ்வகையிலும் உதவாது. இல்முக்கு உரிமையாளர் இல்லையென்றால், பின்னட்டையில் 'உரிமை பதிப்பகத்தாருக்கு' என்று அச்சிட்டது எந்த ஆதாரத்தின் பேரில்? எழுதியவனுக்கு இல்லாத உரிமை, அச்சிட்டவருக்கு எங்கிருந்து வந்தது? பதிப்புரிமையை மறுத்த ஆலிம்கள், எல்லாரும் எடுத்துப் பயன்பெறட்டும் என்பதற்காக மறுத்தார்கள். நீரோ, நாளை வேறொருவர் அச்சிட்டால் தடுப்பதற்கு வழி செய்துவைத்திருக்கிறீர். முன்னோரின் தாராளத்தைச் சொல்லி உள்ளே நுழைந்து, நுழைந்த பின் கதவைத் தாழிட்டுக்கொள்வது என்ன நியாயம்?

அறிவு வேறு, ஒருவர் இரவில் விழித்திருந்து அதை ஒழுங்குபடுத்தி எழுதிய உழைப்பு வேறு. நூல் எங்கும் கிடைக்கும் பஞ்சுதான், நூற்பதும் எல்லாரும் அறிந்ததுதான். அதற்காக எங்கள் ஊர்த் தறியில் ஒருவர் நெய்து முடித்த சேலையை உருவிக்கொண்டு, 'பருத்திக்கு யார் உரிமை கொண்டாட முடியும்?' என்று எவரும் கேட்பதில்லை.

இரண்டாவது வாதம்: சும்மா கொடுத்ததில் என்ன நிபந்தனை?

இந்த வாதத்தை ஒரு முஸ்லிம் சொல்லக் கேட்டதுதான் எனக்குப் பெரும் வேதனை. இலவசமாகக் கொடுத்ததில் நிபந்தனை இருக்க முடியாதென்றால், வக்ஃபு என்னும் ஏற்பாடே இடிந்து விழுந்துவிடும்.

உமர் (ரலி) அவர்களுக்கு கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்புள்ள பொருள் தமக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை என்று கருதிய அவர்கள், அதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலப்பொருளை அப்படியே நிறுத்திவைத்து, அதன் பலனைத் தர்மம் செய்துவிடுமாறு வழிகாட்டப்பட்டது. உமர் (ரலி) அவ்வாறே செய்து, நிபந்தனையும் விதித்தார்கள்: அந்நிலம் விற்கப்படாது; அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது; வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கப்படாது. பலன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் செல்லும். அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம். ஆனால் அதைக் கொண்டு தமக்குச் செல்வம் சேர்த்துக்கொள்ளக் கூடாது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இச்செய்தியை மத்ரஸாவில் ஓதிய எவரும் அறிவர்.

கொடுத்தவர் இலவசமாகவே கொடுத்தார். ஆயினும் அவருடைய நிபந்தனை கொடுத்த பின்பும் அப்பொருளோடு ஒட்டியே நின்றது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை, மார்க்கச் சட்டத்தின் வாசகத்தைப் போல மதிக்கப்பட வேண்டும் என்று ஃபுகஹாக்கள் விதியே வகுத்திருக்கின்றனர். ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்னும் கருத்திலும் நபிமொழி வந்துள்ளது.

இதற்கு நம் வீடுகளிலேயே சான்று இருக்கிறது. மதீனாவில் 1980-களில் தொடங்கப்பட்ட மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகம் வெளியிடும் பிரதிகளை ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்றவர்கள் கொண்டுவருகின்றனர். தமிழ் மொழிபெயர்ப்போடு வந்தவையும் அவற்றில் உண்டு. அல்லாஹ்வுக்காக வக்ஃபு செய்யப்பட்டது, விற்பனைக்கு அன்று என்னும் குறிப்பு அவற்றில் இருக்கும். அந்த முஸ்ஹஃபை யாரேனும் கடையில் விலை வைத்து விற்றால் நம் ஜமாஅத்தார் பொறுத்துக்கொள்வார்களா? ஜும்ஆவில் பேச்சு எழும். ஆனால் அதே குறிப்பைத் தாங்கிய ஒரு கோப்பிலிருந்து குறிப்பை மட்டும் அழித்துவிட்டு விற்றால், 'கோப்புதானே' என்கிறோம். தாளில் இருந்தால் அமானத், திரையில் இருந்தால் புறம்போக்கு என்று யார் பிரித்தது?

சித்திரை வெயிலில் நம் அரியலூர் மாவட்டத்து ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள். பானையில் நீரும் மோரும் இருக்கும். வருவோர் போவோர் குடிக்கலாம். ஒருவர் அதிகாலையில் வந்து அந்த மோரைப் போத்தல்களில் அடைத்து, பேருந்து நிலையத்தில் விலைக்கு விற்றால் அவரை ஊர் எப்படிப் பார்க்கும்? 'சும்மா வைத்ததுதானே, வைத்தவருக்கு என்ன நஷ்டம்?' என்று அவர் கேட்கலாம். வைத்தவருக்கு நஷ்டம் இல்லைதான். நஷ்டம், நாக்கு வறண்டு வருபவனுக்கு. அவனுக்கென்று வைத்ததை அவனிடமே காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதுதான் அங்கே நடக்கும் அநியாயம். என் நூலிலும் பாதிக்கப்பட்டவன் நானல்லன். எண்பது ரூபாய் கொடுத்தவர் அந்தத் தாய். அவருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் என்பது தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த நான்கு வரிகளும் அழிக்கப்பட்டன. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பி வைத்திருந்த வியாபாரியிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் மறந்துவிட வேண்டாம்.

இன்னொரு தீங்கும் உண்டு. நான் முதலில் அனுப்பிய கோப்பில் 'ளாத்' எழுத்து பிறக்கும் இடத்தைப் பற்றிய வரியில் பிழை செய்திருந்தேன். நாவின் பக்கவாட்டு ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும் என்று எழுதுவதற்குப் பதிலாக, நாவின் நுனி என்று தட்டச்சாகிவிட்டது. மூத்த உஸ்தாத் ஒருவர் சுட்டிக்காட்டினார். 2021-இல் திருத்தி, பழையதை நீக்கிவிடுமாறு வேண்டிப் புதிய கோப்பை அனுப்பினேன். விற்கப்படும் நூலில் பழைய பிழை அப்படியே அச்சாகியிருக்கிறது. எழுதியவன் பெயர் இருந்திருந்தால் வாங்கியவர் என்னைத் தேடிக் கேட்டிருக்கலாம். பெயரை அழித்தவர் திருத்தும் வழியையும் அடைத்துவிட்டார். எத்தனை பிள்ளைகள் அந்த எழுத்தைத் தவறாக ஓதுகிறார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

மூன்றாவது வாதம்: எனக்கும் வயிறு இருக்கிறது

மூன்றில் இதைத்தான் நான் மதிக்கிறேன். வியாபாரம் ஹலால், நபி (ஸல்) அவர்களே வியாபாரம் செய்தவர்கள். காகிதமும் மையும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஆகவே 'காசு வாங்கினாலே ஹராம்' என்று நான் சொல்லவில்லை. உமர் (ரலி) அவர்களின் வக்ஃபிலேயே இதற்கு அளவுகோல் இருக்கிறது: பராமரிப்பவர் நியாயமாக உண்ணலாம், செல்வம் சேர்க்கக் கூடாது.

இன்று உலகெங்கும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-இல் வெளிவந்தன. அவற்றுள் ஒரு வகை வணிக நோக்கற்ற உரிமம். பணப் பலனையோ வணிக ஆதாயத்தையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாட்டை அது அனுமதிப்பதில்லை. 'முதன்மை நோக்கம்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஒரு பைசா கைமாறினாலே குற்றம் என்று அது சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றி ஒரு வழக்கே நடந்தது. கிரேட் மைண்ட்ஸ் என்னும் கல்வி நிறுவனம் தன் கணிதப் பாடங்களை வணிக நோக்கற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தது. பள்ளிகள் அவற்றை ஃபெட்எக்ஸ் நிறுவனத்தின் நகலகங்களில் கட்டணம் கொடுத்து நகலெடுத்துக்கொண்டன. நகலகம் இலாபம் ஈட்டுகிறதே என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயன்படுத்துவது பள்ளி, நகலகம் பள்ளிக்காக வேலை செய்து கூலி பெறுகிறது, கூலி பெறுவதால் உரிமம் மீறப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு தகப்பனார் என் கோப்பைக் கைபேசியில் கொண்டுபோய், கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் நகலெடுக்கிறார். கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அதில் எந்தத் தவறும் இல்லை. அது அவருடைய கூலி. ஜமாஅத் ஒன்று நூறு படிகள் அச்சிட்டு, அடக்க விலையைப் பெற்றோரிடம் வாங்கிக்கொள்கிறது. அதிலும் தவறில்லை. ஆனால் ஒருவர் தாமே அச்சிட்டு, அலமாரியில் அடுக்கி, அடக்க விலையைப் போல் பல மடங்கு விலை வைத்து, மூலம் இலவசம் என்பதையும் மறைத்து விற்றால், அது கூலியன்று. நான் அச்சகத்தில் விசாரித்தேன். ஆயிரம் படிகள் அச்சிட்டால் ஒரு படிக்கு 15 ரூபாய்க்குள் முடியும் என்றார்கள். வாடகைக்கும் போக்குவரத்துக்கும் உழைப்புக்கும் சேர்த்து 25 ரூபாய் வைத்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அனுமதி கேட்டிருந்தால் நானே திருத்திய கோப்பைக் கொடுத்து துஆவும் செய்திருப்பேன்.

எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி

வேறொரு சாரார் கேட்கும் கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 'இலாபத்திற்கு விற்காதே என்பதே கஞ்சத்தனம் அல்லவா? விற்பவன் இருந்தால்தானே நூல் நாலு ஊருக்குப் போகும்?' என்கிறார்கள். இது அற்பமான கேள்வியன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் தொண்டர்கள் எழுதும் கட்டுரைகளை, உரிய குறிப்போடும் அதே உரிமத்தோடும் எவரும் விற்கலாம். வணிகத் தடையுள்ள படைப்புகளை அங்கே ஏற்பதில்லை.

தமிழ்நாட்டின் வரலாறும் இதில் பாடம் சொல்கிறது. பாரதியாரின் மறைவுக்குப் பின் அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி, திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் பயன்படுத்தப்பட்டதைத் தொட்டுச் சிக்கல் எழுந்தது. நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டை நாடு பாடத் தனியொருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தனர். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதியின் படைப்புகளை அரசுடைமையாக்க முன்வந்தது. செட்டியாரும் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். அவை பொதுவுடைமையான பின் எத்தனையோ பதிப்பகங்கள் பாரதியை அச்சிட்டு இலாபத்துக்கே விற்கின்றன. யாருக்கும் ஏகபோகம் இல்லாததால், ஏழை மாணவனும் வாங்கும் விலையில் அந்நூல் கிடைக்கிறது.

ஆகவே விற்பனையைத் திறந்துவிடுவதிலும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கதவைத் திறந்தது யார்? உரிமை உடையவர்கள் இசைந்து திறந்தார்கள். வழிப்போக்கர் ஒருவர் பூட்டை உடைக்கவில்லை.

கதவைத் திறந்து வைத்தவர்களும் பின்னர் வருந்தியதுண்டு. 2014-இல் யாஹூ நிறுவனம், தனக்குச் சொந்தமான ஃபிளிக்கர் தளத்தில், வணிகப் பயன்பாட்டையும் அனுமதித்துப் பலர் பகிர்ந்திருந்த ஒளிப்படங்களைச் சுவரில் மாட்டும் படங்களாக அச்சிட்டு விற்கத் தொடங்கியது. எடுத்தவர்களுக்குப் பங்கில்லை. உரிமத்தின்படி அது குற்றமும் அன்று. ஆயினும் எதிர்ப்பு எழவே, அப்படங்களின் விற்பனையை நிறுவனம் கைவிட்டது. அனுமதி கொடுப்பவர் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதில் உள்ள பாடம். திறந்து வைப்பதா, பாதி திறந்து வைப்பதா என்பது படைத்தவரின் முடிவு. இரண்டும் தர்மமே. எந்த முடிவாயினும் அதை மதிப்பது எடுத்துக்கொள்பவரின் கடமை.

பழைய காலத்தில் பாட்டும் நூலும் கட்டின்றிப் பரவின என்று சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எங்கள் உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் இசைப்புலவராக இருந்தார். அவரிடம் இசை பயின்றவர்களுள் உ. வே. சாமிநாதையரின் தந்தையாரும் ஒருவர். பாடியவரின் வயிற்றை ஜமீன் பார்த்துக்கொண்டது; பாட்டு ஊராரிடம் சென்றது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட வள்ளல் சீதக்காதி துணைநின்றார் என்பதும் நாம் அறிந்ததே. இன்று எழுதுபவனுக்கு ஜமீனும் இல்லை, வள்ளலும் இல்லை. மக்தப் உஸ்தாதின் சம்பளம் எவ்வளவு என்பது இதைப் படிக்கும் முத்தவல்லிகளுக்குத் தெரியும். அந்த நிலையிலும் ஒருவன் இலவசமாகக் கொடுக்கிறானென்றால், தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான் என்று பொருள்.

நம் பக்கத்துக் குற்றம்

பிறரைக் குறை சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. கடைக்காரரோடு பேசிய இரவு, என் நூலின் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அட்டையில் ஓர் அழகிய எழுத்தணிப் படம் இருக்கிறது. அதை வரைந்தவர் யார்? எனக்குத் தெரியாது. இணையத்தில் தேடி எடுத்து ஒட்டினேன், யாரையும் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. நான் விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் என்ன நிபந்தனை வைத்திருந்தார் என்று பார்க்கவும் இல்லையே! வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். அப்படத்தை நீக்கிவிட்டு, வெறும் எழுத்துகளாலான அட்டையோடு கோப்பை மீண்டும் வெளியிட்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான திருட்டும் நம்மிடம் நடக்கிறது. வாழும் ஆலிம் ஒருவர் பல ஆண்டு உழைத்து எழுதி, விலை வைத்து வெளியிட்ட நூலை முழுவதும் வருடி எடுத்து, 'நன்மையை நாடிப் பகிருங்கள்' என்று குழுக்களில் அனுப்புகின்றனர். விலைக்குரியதை இலவசமாக்குவது தர்மம் ஆகாது. தர்மம் செய்ய அது நம் பொருளன்று. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலாசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை நிலைக்கிறது. கற்பித்தலுக்குச் சட்டமே சலுகை தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகத்தின் மீது பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், மாணவர்களுக்கான பாடத் தொகுப்புகளை நகலெடுப்பதை 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் வகுப்பறைக்கான அந்தச் சலுகை, ஊர் முழுவதற்கும் நூலை அனுப்பிவைக்கும் அனுமதி அன்று.

செய்ய வேண்டியவை

எழுதிப் பகிரும் சகோதரர்களே, முதல் பக்கத்தில் மட்டும் நிபந்தனையை எழுதாதீர்கள். ஒரு பக்கத்தைக் கிழிப்பது எளிது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெயரையும் 'இலவச வெளியீடு' என்பதையும் சிறிய எழுத்தில் இடுங்கள். எத்தனையாவது திருத்தம், எந்த ஆண்டு என்பதைக் குறியுங்கள். அடக்க விலை வாங்கலாமா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டது என் குறை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2013 முதல் எழுத்தாளர்களின் அனுமதியோடு மின்னூல்களை வெளியிட்டுவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் தன்னார்வலர்களும் இதில் நமக்கு முன்னோடிகள். நூலின் உரிமம் என்ன என்பதைத் தெளிவாக எழுதிவைக்கும் பழக்கத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

விற்கும் சகோதரர்களே, கேளுங்கள். கேட்டால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், விற்பதற்கு ஹலாலான நூல்கள் எத்தனையோ இருக்கின்றன. வாங்கும் பெற்றோரே, எழுதியவர் பெயரில்லாத மார்க்க நூலைக் கண்டால், எழுதியவர் யார் என்று கடையில் கேளுங்கள். பெயரில்லாத மருந்தை நாம் பிள்ளைக்குக் கொடுப்பதில்லையே. ஜமாஅத் நிர்வாகிகளே, ரமளானுக்கு முன் ஒருமுறை உங்கள் மக்தபிற்குத் தேவையான நூல்களை அனுமதியோடு அச்சிட்டு அடக்க விலைக்குக் கொடுத்தால், இப்படிப்பட்ட விற்பனைக்கு இடமே இருக்காது.

கடைக்காரரிடம் நான் இரண்டு கேட்டேன். மீதமுள்ள படிகளில் 'ளாத்' பற்றிய திருத்தத்தை ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். பின்னட்டையில் உள்ள உரிமை வரியை அடித்துவிடுங்கள் என்றேன். திருத்தத்தை ஒட்டுவதாக ஒப்புக்கொண்டார். உரிமை வரியைப் பற்றிக் கேட்டதற்கு, "பாக்கலாம் ஹஜ்ரத்" என்று சொன்னார். நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் எனக்கில்லை. மறுமையில் அவரோடு வழக்காடவும் எனக்கு விருப்பமில்லை. என் பங்கை நான் மன்னித்துவிட்டேன். எண்பது ரூபாய் கொடுத்தவர்களின் பங்கை மன்னிக்க எனக்கு அதிகாரமில்லை.

அந்தத் தாய்க்கு எண்பது ரூபாயை என் கையிலிருந்து கொடுத்தேன். தயங்கினார், பிறகு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதே நியாயம். அந்த நூலில் 'ளாத்' வரியை அவர் முன்னிலையிலேயே பேனாவால் திருத்திச் சிறுமியிடம் கொடுத்தேன். அதை வைத்துத்தான் அவள் ஓதுகிறாள்.

அமானத்தை உரியவரிடம் ஒப்படைப்பவர்களாகவும், பிறருடைய நிபந்தனையை மதிப்பவர்களாகவும், ஹலாலான உணவை மட்டும் நம் பிள்ளைகளுக்கு ஊட்டுபவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.